ஏரித் தண்ணீருக்கு யூ.எஃப். மெம்பரேன்: முன்னால் போடுவது ஆலமா, பி.ஏ.சி.யா, ஃபெரிக்கா?

ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் ஏரித் தண்ணீரைக் குடிநீராக்கும் சின்ன ஆலை அது. ஒரு சல்லடை, அப்புறம் யூ.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) எனும் நுண்துளைச் சவ்வான மெம்பரேன், கடைசியில் குளோரின். காலை ஷிஃப்டில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மதியம் மூன்று மணி தாண்டினால் மெம்பரேனில் அழுத்தம் ஏற ஆரம்பிக்கும். தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவும் பேக்வாஷ் கொடுத்தாலும் பழைய இடத்துக்கு இறங்காது.

"தினமும் ஏழு மணிக்கு ஜார் டெஸ்ட் போட்டுத்தான் சார் டோஸ் வைக்கிறோம். பீக்கர்ல தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது" என்றார் ஆபரேட்டர்.

பீக்கர்களில் வெவ்வேறு அளவு மருந்தைக் கலந்து பார்த்து டோஸைத் தீர்மானிப்பதுதான் ஜார் டெஸ்ட். அவர் சொன்னதில் பொய்யில்லை. மறுநாள் மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் ஏரிக்கரைக்குப் போய் பி.எச். மீட்டரை இறக்கினோம். காலையில் 7.6 காட்டிய இடத்தில் இப்போது 9. ஏரி முழுக்கப் பச்சைப் பாசி. வெயில் ஏற ஏறப் பாசி தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், பி.எச். மேலே போகும். நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது ஆலம், அதாவது படிகாரம். அலுமினியம் மிகக் குறைவாகக் கரையும் இடம் பி.எச். 6-க்கும் 6.5-க்கும் நடுவில். 9-க்குப் பக்கத்தில் போனால் அதில் கணிசமான பங்கு திரளாமல் அலுமினேட்டாகக் கரைந்தே நிற்கும். அப்படிக் கரைந்தது மெம்பரேனையும் தாண்டி நல்ல தண்ணீர்த் தொட்டிக்கே போய்ச் சேரும். ஜார் டெஸ்டை ஏழு மணிக்குப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான். தவறு என்னுடையது.

அந்த ஆலைக்கு ஆலம், பி.ஏ.சி. (பாலி அலுமினியம் குளோரைடு), ஃபெரிக் (ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு) இவற்றில் எந்த மருந்து என்று முடிவெடுக்க உட்கார்ந்தபோது போட்ட கணக்கையும் அதன்பின் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். யூ.எஃப். வாங்கிவிட்டு, "முன்னால் என்ன போடுவது?" என்று திகைத்து நிற்பவர்களுக்கு இது பயன்படும்.

தெளிய வைப்பதற்காகப் போடுவதில்லை

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். படிகாரம் என்றாலே நமக்குத் தண்ணீரைத் தெளிய வைப்பதுதான் நினைவுக்கு வரும். மணல் வடிகட்டி ஆலையில் அது சரி. யூ.எஃப். மெம்பரேனின் துளை 0.02, 0.03 மைக்ரான் அளவில் இருக்கும். சேறு, பாக்டீரியா எதுவும் அதைத் தாண்டாது. மருந்தே போடாமல் கலங்கல் தண்ணீரைக் கொடுத்தாலும் மறுபக்கம் தெளிந்த நீர்தான் வரும். ஆகவே கலங்கல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பேக்வாஷ் முடிந்ததும் மெம்பரேனின் இரு பக்க அழுத்த வித்தியாசம், ஆலைப் பேச்சில் டி.எம்.பி., பழைய இடத்துக்கு இறங்குகிறதா?

இறங்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சேறு இல்லை. பழைய மாடியூல் ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே சேமியா போல ஆயிரக்கணக்கான குழல் இழைகள் கட்டுக்கட்டாக இருக்கும். ஓர் இழையை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கிய கத்தியைத் தொட்டது போல வழவழப்பு ஒட்டும். பாசியும் பாக்டீரியாவும் வெளியிடும் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும்தான் அது. துளைவாயில் போய் ஒட்டிக்கொள்ளும், பேக்வாஷுக்கு அசையாது. இதோடு இலைதழை மக்கி வரும் பழுப்புநிறக் கரிமப் பொருளும் சேரும்.

மருந்து இரண்டு வேலை செய்கிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு, அதனால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அலுமினியமோ இரும்போ அந்த மின்னேற்றத்தைத் தணித்து அவற்றைச் சேர வைக்கும். அதோடு தான் ஹைட்ராக்சைடாகத் திரளும்போது வழவழப்பையும் இழுத்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும். இழைமேல் படியும் படலத்தின் குணமே மாறிவிடும். மணல் வழியே தண்ணீர் ஓடுவதையும் களிமண்ணில் தேங்கி நிற்பதையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். படலத்தின் இடைவெளி விகிதம் மாறாமல் துகளின் விட்டம் மட்டும் பத்து மடங்கானால், தண்ணீருக்கு அது தரும் தடை நூறில் ஒரு பங்காகக் குறையும். பேக்வாஷில் அந்தப் படலம் தோலுரிவது போலக் கழன்று போகும்.

இதனால்தான் யூ.எஃப்.க்குப் பெரிய திரள் தேவைப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குண்டூசித்தலை அளவே போதும்.

எதுவுமே போடாமல் இருப்பது

இதையும் ஒரு வழியாக வைத்துப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர், பாசி இல்லாத அணை நீர் போன்றவற்றில் கரிமப் பொருள் குறைவு. மெம்பரேன் வழியே தண்ணீர் போகும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை ஹைப்போ (குளோரின் கரைசல்) கலந்த பேக்வாஷ் கொடுத்தால் ஓடிவிடும். மருந்துச் செலவும் கசடும் இல்லை. ஆனால் வேகத்தைக் குறைத்தால் அதே அளவு தண்ணீருக்கு அதிக மெம்பரேன் வாங்க வேண்டும். மருந்துக்கு மாதாமாதம் கொடுப்பதை இங்கே முதலிலேயே மொத்தமாகக் கொடுக்கிறோம். பாசி பிடித்த ஏரிக்கு இது ஆகாது.

மூன்றையும் ஒரே தராசில் வைத்தால்

கடைக்காரர் மூட்டை விலை சொல்வார். அதை வைத்து ஒப்பிடக் கூடாது. வேலை செய்வது உள்ளே இருக்கும் உலோகம், அதைச் சமமாக்கிப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 20 மி.கி. ஆலம் போட்டால் அதில் அலுமினியம் சுமார் 1.8 மி.கி. மட்டுமே. அதே எண்ணிக்கை அணுக்களைக் கொடுக்க ஃபெரிக் குளோரைடு சுமார் 11 மி.கி. போதும். 30 சதவீத அலுமினா உள்ள பி.ஏ.சி. தூள் என்றால் 11, 12 மி.கி. நம்முடைய பத்து லட்சம் லிட்டர் ஆலைக்கு அது ஒரு நாளுக்கு ஆலம் 20 கிலோ, ஃபெரிக் 11 கிலோ, பி.ஏ.சி. 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஃபெரிக் 40 சதவீதக் கரைசலாக வந்தால் அந்த 11 கிலோ சுமார் 27 கிலோவாகிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது காரத்தன்மை, அதாவது அமிலம் விழுந்தாலும் பி.எச். இறங்காமல் தாங்கும் திறன். இந்த மருந்துகள் தண்ணீரில் அமிலத்தை விடும், தண்ணீரின் காரத்தன்மை அதைத் தாங்க வேண்டும். மேலே சொன்ன அளவில் ஆலமும் ஃபெரிக்கும் லிட்டருக்குச் சுமார் 10 மி.கி. காரத்தன்மையைத் தின்னும். பி.ஏ.சி.யின் அமிலத்தில் பெரும்பகுதியைத் தயாரிக்கும்போதே நடுநிலையாக்கிவிடுகிறார்கள். அதன் காரவிகிதம் 60 சதவீதம் என்றால் மீதி 40-தான் தண்ணீர்மேல் விழும், அதாவது 4 மி.கி. கோடையில் ஏரித் தண்ணீரில் காரத்தன்மை 100-க்கு மேல் இருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஐப்பசி மழையில் புது வெள்ளம் வந்து நிரம்பும்போது காரத்தன்மை சடாரென்று இறங்கும். அதே நேரத்தில் கலங்கல் ஏறுவதால் டோஸையும் கூட்டுவோம். அப்போதுதான் ஆலம் பி.எச்.சைக் கீழே இழுத்துக்கொண்டு போகும், சுண்ணாம்பைத் தேடி ஓட வேண்டிவரும்.

ஆலம் மூட்டை விலையில் மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லா ஆபரேட்டரும் கைப்பழக்கம் உள்ளவர்கள். ஆனால் கட்டி ஆலத்தைக் கரைத்தால் தொட்டியடியில் கரையாத கசடு தங்கும். மணல் வடிகட்டி ஆலையில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே அது டோசிங் பம்பின் வால்வில் போய் உட்காரும், டோஸ் பாதியாகக் குறையும், மெம்பரேனில் அழுத்தம் ஏறிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். மீந்து போகும் அலுமினியமும் ஒரு கவலை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ல் அலுமினியத்துக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 0.03 மி.கி., வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 0.2 வரை. பி.எச்.சைக் கவனிக்காமல் ஆலம் போடும் ஆலை இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஃபெரிக் அந்த விஷயத்தில் நிம்மதி. பி.எச். 8, 9-லும் இரும்பு ஹைட்ராக்சைடு கரையாது, மெம்பரேன் அதை அப்படியே பிடித்துவிடும். கரிமப் பொருளை இழுப்பதிலும் பல தண்ணீர்களில் அது ஒரு படி முன்னால் நிற்கும், குறிப்பாக பி.எச். 6-ஐ ஒட்டி. ஆனால் அதனோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். தோலைச் சுடும், இரும்பை அரிக்கும். சொட்டு விழுந்த சிமெண்ட் தரை துருச்சிவப்பாகவே இருந்துவிடும். முதல் முறை பேக்வாஷ் வாய்க்காலில் செம்மண் குழம்பு போலத் தண்ணீர் வந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள், நாள் முழுக்க நின்று விளக்க வேண்டியிருந்தது. இழையிலும் அந்தச் சிவப்பு மெல்ல ஏறும். ஹைப்போ கழுவல் அதைத் தொடாது, சிட்ரிக் ஆசிடோ ஆக்சாலிக் ஆசிடோ வேண்டும். ஃபெரிக் ஓடும் ஆலையில் ஆசிட் கழுவலை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவே கூடாது. மலிவான ஃபெரிக்கில் மாங்கனீசு கலந்திருக்கும் என்பதால் வாங்கும்போது சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள்.

பி.ஏ.சி. எனக்குப் பிடித்தது, ஆனால் அதைப் பற்றிச் சொல்லப்படுவது எல்லாம் உண்மையில்லை. ஏற்கெனவே பாதி திரண்ட நிலையில் வருவதால் தண்ணீரில் விழுந்த சில நொடிகளிலேயே வேலையைத் தொடங்கிவிடும். குழாயிலேயே கலக்கி நேராக மெம்பரேனுக்கு அனுப்பும் ஆலைக்கு அந்த வேகம் பெரிய வரம். பி.எச்.சை அதிகம் அசைக்காது. தூள் நன்றாகக் கரையும். "எந்த பி.எச்.சிலும் வேலை செய்யும்" என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் அலுமினியம்தான். மதியம் 9 தொடும் ஏரியில் அதுவும் கரைந்து கசியும்.

எங்கே போடுவது

மருந்தைப் போலவே இடமும் முக்கியம். ஒரு வழி, பம்புக்குப் பின் குழாயில் மருந்தைச் செலுத்தி, ஸ்டாட்டிக் மிக்சரில் (உள்ளே அசையாத தகடுகள் உள்ள குழாய்த்துண்டு) கலக்கி, அரை நிமிடமோ இரண்டு மூன்று நிமிடமோ கழித்து நேராக யூ.எஃப்.க்குக் கொடுப்பது. இடம் வேண்டாம், டோஸும் குறைவு. இன்னொரு வழி, பழைய முறைப்படி கலக்கி, திரளவிட்டு, தொட்டியில் படியவைத்து, மேல்நீரை மெம்பரேனுக்கு அனுப்புவது. இதற்கு நிலம் வேண்டும், தொட்டி கட்ட வேண்டும். படிய வேண்டுமானால் திரள் கனமாக வேண்டும், அதற்கு மருந்தும் கூடுதல்.

உங்கள் மெம்பரேன் எந்த வகை என்பது இதைத் தீர்மானிக்கும். உள்ளிருந்து வெளியே ஓடும் இழையின் உட்குழல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் சேறு நிறைந்துவிட்டால் பேக்வாஷ் கூட நுழையாது. வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் வகை, அதிலும் தொட்டியில் அமிழ்த்தி வைக்கும் வகை, அடர்ந்த கலங்கலையும் தாங்கும். மழைக்காலத்தில் கலங்கல் நூற்றுக்கணக்கில் ஏறும் ஆற்று நீருக்கு முதல் வகை மெம்பரேனை வைத்துவிட்டுப் படிவுத்தொட்டி வேண்டாம் என்பது விபரீதம். எங்கள் ஏரி அப்படியில்லை. கலங்கல் அதிகம் ஏறாது, பாசிதான் தொல்லை. பாசித்திரள் லேசானது, படிவதைவிட மிதக்கவே பார்க்கும். பாசி மிக அதிகமான நீருக்குப் படிவுத்தொட்டியைவிட, நுண்குமிழி விட்டு மேலே மிதக்கவைத்து வழிக்கும் டி.ஏ.எஃப். பொருத்தம். 2008, 2009-ல் ஓமான் வளைகுடாவையும் பாரசீக வளைகுடாவையும் செம்பாசி சூழ்ந்தபோது பல கடல்நீர் ஆலைகள் நிறுத்தப்பட்டன. அதன்பின்தான் அந்தப் பகுதியில் டி.ஏ.எஃப். பற்றிய பேச்சு தீவிரமானது.

பாசியைக் கொல்லலாம் என்று ஏரி வாயிலிலேயே குளோரின் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். செல் உடைந்து உள்ளிருக்கும் வழவழப்பு மொத்தமும் தண்ணீரில் இறங்கும், மெம்பரேனுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. திரளை ஒட்டவைக்கும் நீள்சங்கிலி ரசாயனமான பாலிமரும் அப்படித்தான். படிவுத்தொட்டியில் ஒரு சிட்டிகை பாலிமர் அற்புதம் செய்யும், ஆனால் மிஞ்சியது யூ.எஃப். இழையில் ஒட்டினால் எளிதில் கழுவ வராது.

தேற்றாங்கொட்டை பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். நம் வீடுகளில் பானையின் உட்புறம் அதை இழைத்துத் தண்ணீரைத் தேற்றியவர்கள் நம் பாட்டிமார்கள். முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு, அதிலுள்ள புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது. குடத்துத் தண்ணீருக்கு அது அருமையான வழி. மெம்பரேனுக்கு முன்னால் ஆகாது. விதையோடு வேறு கரிமப் பொருளும் தண்ணீரில் இறங்கும், எதை விலக்கப் பார்க்கிறோமோ அதையே சேர்த்துவிடுவோம்.

கடலும் கழிவுநீரும் வேறு

இதே கேள்வியைக் கடல்நீர் ஆலைக்காரர் கேட்டால் என் பதில் மாறும். சென்னைக்கு மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் என்பதால் அங்கே அலுமினியம் கரைந்து நழுவும், உலகெங்கும் கடல்நீர் ஆலைகளில் ஃபெரிக்கைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். யூ.எஃப்.க்குப் பின்னால் ஆர்.ஓ. இருந்தால் கவலை இரட்டிப்பு. நழுவிப்போன அலுமினியம் சிலிக்காவோடு சேர்ந்து ஆர்.ஓ. மெம்பரேனில் படியும். இரும்பு நழுவினால் குளோரினோடு சேர்ந்து ஆர்.ஓ. மெம்பரேனின் பாலிஅமைடு படலத்தை வேகமாகக் கெடுக்கும். இரண்டுமே, ஆர்.ஓ.வில் உப்பு படியாமலிருக்கப் போடும் ஆன்டிஸ்கேலன்டின் பாஸ்போனேட்டோடு சேர்ந்து பசையாகும்.

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட நீரில் பாஸ்பேட் அதிகம். மருந்தில் ஒரு பங்கை அது முதலில் விழுங்கும், அதற்கும் சேர்த்து டோஸ் வைக்க வேண்டும். அந்தச் செலவு வீணில்லை, பாஸ்பேட் குறைந்தால் ஆர்.ஓ.வில் கால்சியம் பாஸ்பேட் படிவது குறையும்.

எங்கள் முடிவு

எங்கள் ஏரிக்கு மருந்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றினோம். ஏரியிலிருந்து தண்ணீர் எடுப்பதை இரவு பத்திலிருந்து காலை பத்துக்குள் முடித்துச் சேமிப்புத் தொட்டியை நிரப்பினோம். உறிஞ்சு குழாயை நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே இறக்கினோம். இன்னும் அடிக்குப் போனால் ஆக்சிஜன் இல்லாத நீரிலிருந்து இரும்பும் மாங்கனீசும் வரும். இதற்கு ஆன செலவு கொஞ்சம் குழாயும் இரண்டு நாள் கூலியும். அதன்பின் பி.எச். 8-ஐத் தாண்டவில்லை. மருந்தாக பி.ஏ.சி.யை எடுத்து, படிவுத்தொட்டி இல்லாமல் குழாயிலேயே செலுத்தினோம். சேமிப்புத் தொட்டி இல்லாமல் பகலில்தான் எடுத்தாக வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், சிவப்புத் தரையைச் சகித்துக்கொண்டு ஃபெரிக்கைத்தான் எடுத்திருப்பேன். ஆலத்துக்கு அந்த ஆலையில் இடமில்லை என்பதே என் தீர்ப்பு. பி.எச்.சும் காரத்தன்மையும் ஆண்டு முழுக்க ஆடாத நீர் உங்களுடையது என்றால் ஆலத்தை ஒதுக்கக் காரணமில்லை.

டோஸ் கண்டுபிடிக்கும் முறையையும் மாற்றினோம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, மூன்று நிமிடம் மெல்லக் கலக்கி, படியவிடாமல் ஒவ்வொரு பீக்கரிலிருந்தும் 100 மி.லி. எடுத்து 0.45 மைக்ரான் தாளில் உறிஞ்சி வடிக்கிறோம். எத்தனை நொடியில் வடிகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்க்கிறோம். முதல் நாளே ஆபரேட்டர் முகம் மாறியது. மிகக் குறைந்த டோஸ் போட்ட பீக்கர், ஒன்றுமே போடாத பீக்கரைவிட மெதுவாக வடிந்தது. அரைகுறையாகத் திரண்டவை துளைவாய் அளவில் நின்று அடைப்பதுதான் காரணம். சிக்கனம் என்று டோஸைப் பாதியாக்கினால் மருந்தும் போகும், மெம்பரேனும் போகும். அளவுக்கு மேல் போட்டாலும் வடியும் நேரம் கூடும், அப்போது அடைப்பது ஹைட்ராக்சைடே. நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, அது மாதத்துக்கு மாதம் நகரும். இப்போது காலை ஒன்றும் மாலை ஒன்றுமாக இரண்டு சோதனை.

இரண்டு வரிசை மெம்பரேன் இருந்தால் ஒன்றில் பழைய மருந்து, மற்றதில் புதியது என்று இரண்டு வாரமாவது ஓட்டிப் பாருங்கள். எழுத வேண்டியது பேக்வாஷுக்கு முன்னான டி.எம்.பி. இல்லை, பின்னான டி.எம்.பி. அந்தக் கோடு படுக்கையாக நின்றால் மருந்து சரி. ஒரு நாளைக்கு ஒரு நூலளவு ஏறினாலும் மூன்று மாதத்தில் கழுவல் வரும்.

கடைசியாகக் கசடு. மேலே சொன்ன டோஸில் உலோக ஹைட்ராக்சைடு மட்டுமே காய்ந்த கணக்கில் அலுமினிய மருந்துகளுக்கு ஒரு நாளுக்குச் சுமார் 5 கிலோ, ஃபெரிக்குக்குச் சுமார் 7 கிலோ வரும். ஏரிச் சேறும் பாசியும் தனி. பேக்வாஷ் நீரை அதே ஏரிக்குத் திருப்பிவிடும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். கரையோரம் சாம்பல் நிறக் கூழ் படிந்து கிடக்கும், அதன்மேல் கொக்குகூட நிற்காது. உலர்த்தும் பாத்திக்கு ஆலையின் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள். எங்களுக்கு இரண்டு பாத்தி தேவைப்பட்டது, ஒன்று நிரம்பும்போது மற்றது காய.